இரண்டு ஏரிகளும் 450 துணித்துண்டுகளும்

டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் ‘ஹிகோனே சரசா’ என்ற பெயரில் ஏறத்தாழ 450 துணித்துண்டுகள் இருக்கின்றன. அத்தனையும் இந்தியப் பருத்தி; அந்தச் சித்திரத் துணியை ஜப்பானியர் ‘சரசா’ என்பார்கள். சிவப்புத் தரையில் சிறு பூ, வெள்ளைத் தரையில் கொடி, கோடு, கட்டம், புள்ளி என்று எத்தனையோ விதம். ஹிகோனே, ஜப்பானின் மிகப்பெரிய ஏரியான பிவாவின் கிழக்குக் கரையில் இருக்கும் கோட்டை ஊர். 1600களின் தொடக்கத்திலிருந்து 1871 வரை அந்தச் சீமையை ஆண்ட ஈயி என்ற பிரபு குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த சேகரிப்பு இது.

இந்தக் குடும்பம் லேசுப்பட்டதல்ல. ஷோகன் ஆட்சியில் முதல் வரிசைப் பிரபுக்கள். 1858இல் அமெரிக்காவுடன் வணிக ஒப்பந்தம் போட்ட ஈயி நவோசுகே இவர்களில் ஒருவர். அந்தக் கோபத்தில் 1860இல் எடோ கோட்டையின் சகுராதா வாசலுக்கு வெளியே வெட்டிக் கொல்லப்பட்டவரும் அவரே. தேநீர்ச் சடங்கில் அவர் பெரிய ஆசான்; அதைப் பற்றி நூலும் எழுதியிருக்கிறார். குடும்பத்தின் கடிதம், நாட்குறிப்பு, கணக்கு என்று 27,000-க்கு மேற்பட்ட ஆவணங்கள் ஹிகோனே கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு தாளைக்கூடத் தூக்கியெறிய மனம் வராத வீடு.

துணியையும் அப்படித்தான் வைத்துக்கொண்டார்கள். பழந்துணியைச் சிறு துண்டாக வெட்டித் தாளில் ஒட்டி, ஏடாகச் சேர்த்துப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் அன்றைய ஜப்பானில் இருந்தது. எழுத்தில்லாத புத்தகம். தேநீர்ப் பொடி வைக்கும் சின்னக் குப்பிக்கு உறை தைக்க எந்தத் துண்டு எடுப்பாக இருக்கும் என்று ஆசான்கள் யோசித்து யோசித்துத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு முழம் இந்தியத் துணிக்கு அங்கே அவ்வளவு மரியாதை. அடுத்த முழம் எப்போது வரும், வருமா என்பதே யாருக்கும் தெரியாது.

துணி வந்த வழியிலேயே பின்னோக்கிப் போனால் நம் ஊர்க் கரைக்கு வந்துவிடலாம். ஹிகோனேக்கு முன்னால் கியோட்டோ, ஒசாகா வியாபாரிகள். அவர்களுக்கு முன்னால் நாகசாகி. 1639க்குப் பிறகு ஐரோப்பியரில் டச்சுக்காரர்களை மட்டுமே ஜப்பான் உள்ளே விட்டது. அவர்களையும் 1641 முதல் நாகசாகித் துறைமுகத்தில் தேஜிமா என்ற செயற்கைத் தீவுக்குள் அடைத்துவைத்தது. விசிறி வடிவத் தீவு; சில நிமிஷங்களில் சுற்றிவந்துவிடலாம். அங்கே தென்மேற்குப் பருவக்காற்றோடு ஆண்டுதோறும் டச்சுக் கப்பல் வரும். அது புறப்பட்ட இடம் படேவியா, இன்றைய ஜகார்த்தா. படேவியாவுக்குத் துணி அனுப்பிய கரைகளில் முக்கியமானது சோழமண்டலக் கரை. அந்தக் கரைக்கு டச்சுக் கம்பெனியின் தலைமையிடம், 1690 வரை, பழவேற்காடு.

450 துண்டும் பழவேற்காட்டில் ஏற்றியவை என்று சொல்ல மாட்டேன். குஜராத் துணியும் அதில் உண்டு. பழவேற்காட்டின் நல்ல காலம் முடிந்த பிறகு, 18, 19ஆம் நூற்றாண்டுகளில் செய்தவையும் உண்டு. ஆனால் டச்சுக்காரர்கள் ஜப்பானோடு வியாபாரம் தொடங்கிய அந்த முதல் எண்பது வருஷங்களில் சோழமண்டலத் துணிக்குக் கணக்கு எழுதிய கோட்டை பழவேற்காட்டு ஏரிக்கரையில்தான் இருந்தது. பழவேற்காட்டில் யாரிடமாவது இதைச் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். அந்த ஆச்சரியம்தான் என்னை இதை எழுதவைக்கிறது.

சென்னைக்கு வடக்கே, பொன்னேரி தாண்டிப் போனால் பழவேற்காடு. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. கடலைத் தொடும் தென்முனை மட்டும் தமிழ்நாட்டில். சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பார்த்தால் கடல்போல விரிந்திருக்கும், இறங்கினால் பல இடங்களில் இடுப்பளவுகூடத் தண்ணீர் இருக்காது. இன்று இங்கே போகிறவர்கள் பூநாரை பார்க்கப் போகிறார்கள், நண்டு வாங்கப் போகிறார்கள், டச்சுக் கல்லறையைப் பார்க்கப் போகிறார்கள். கல்லறை வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். இந்தியத் தொல்லியல் துறை வேலிபோட்டுப் பராமரிக்கிறது. கோட்டையின் கதை வேறு. மண்மேடும் புதரும் அகழியின் தடமும்தான் மிச்சம்.

1610இல் விஜயநகர மன்னர் வேங்கடபதி தேவராயரின் அனுமதியோடு டச்சுக்காரர்கள் இங்கே பண்டகசாலை போட்டார்கள். அதற்கு முந்தின வருஷம்தான் ஜப்பானில் ஹிராடோவில் கடை விரித்திருந்தார்கள். 1612இல் சாந்தோம் போர்ச்சுகீசியர்கள் வந்து பண்டகசாலையை அழித்தார்கள்; 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. டச்சுக்காரர்கள் வருவதற்கு நூறு வருஷம் முன்பே ஊருக்குப் பேர் இருந்தது. 1516 வாக்கில் எழுதிய போர்ச்சுகீசியர் துவார்த்தே பார்போசா, இங்கே சித்திரத் துணி ஏராளமாக உண்டாகிறது, மலாக்காவிலும் பெகுவிலும் சுமத்ராவிலும் அதற்கு நல்ல விலை என்று குறித்திருக்கிறார். ஓடிக்கொண்டிருந்த சந்தைக்குள்தான் டச்சுக்காரன் காலை வைத்தான். படேவியாவிலிருந்து ஆண்டுதோறும் பட்டியல் வரும்: இன்ன நிறம், இன்ன அகலம், இத்தனை கட்டு. சில சமயம் கூடவே மாதிரித் துண்டும் வரும். தரகர்கள் முன்பணத்தோடு உள்நாட்டுத் தறிகளைத் தேடிப் போவார்கள்.

ஒரு துண்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். வெளுத்த துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்து ஊறவைத்துக் காயப்போடுவார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடித்துவைக்கும். பாலின் கொழுப்பு கோடு கசியாமல் தடுக்கும். பழைய இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டுப் புளிக்கவைத்து, அதை மூங்கில் எழுதுகோலில் தொட்டு இழுத்தால் கறுப்புக் கோடு. படிகாரக் கரைசலால் வரைந்த இடம் அப்போது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. சாயவேரோடு சேர்த்துத் துணியைக் கொதிக்கவைக்கும்போதுதான் அந்த இடம் மட்டும் சிவக்கும். சாயவேர், கரையோர மணலில் வளரும் சின்னச் செடியின் வேர். தோண்டி எடுப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அடுத்தது நீலம். நீலம் ஏற வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் மெழுகு பூசி, அவுரித் தொட்டியில் முக்க வேண்டும். பிறகு வெந்நீரில் மெழுகை எடுத்து, சாணிநீரில் அலசி, வெயிலில் விரித்துத் தண்ணீர் தெளித்துத் தெளித்து வெளுக்க வேண்டும். கடைசியில் மஞ்சள் நிறத்தைக் கையால் தீட்டுவார்கள். நீலத்தின் மேல் மஞ்சள் விழுந்தால் பச்சை. மஞ்சள்தான் முதலில் மங்கும் என்பதால் பழைய சித்திரத் துணிகளில் இலைகள் நீலமாகவே தெரிகின்றன. தீட்டியவர் பச்சை இலைதான் தீட்டினார்.

1680களில் இந்தக் கரையில் வேலை பார்த்த டச்சுக் கம்பெனி ஊழியர் டேனியல் ஹவார்ட், துணி தீட்டும் வேலை நகர்வதே தெரியாத அளவுக்கு மெதுவானது என்று 1693இல் வெளியான தன் நூலில் எழுதினார். அவ்வளவு மெதுவாகச் செய்ததால்தான் டோக்கியோவில் இருப்பது இன்னும் சிவப்பாக இருக்கிறது.

மூலம் தேடுகிறவர்களுக்கு இந்த வேலைமுறைதான் தடயம். கோடு கையால் இழுத்ததா, மர அச்சால் ஒற்றியதா? சிவப்பு எந்த வேரின் சிவப்பு? இழை எவ்வளவு நெருக்கம்? இந்தோனேசியாவில் கிடைத்த முழுத்துணிகள் சிலவற்றில் டச்சுக் கம்பெனியின் முத்திரை இருக்கிறது. நறுக்கி எடுத்த துண்டில் அப்படி ஒன்றை எதிர்பார்க்க முடியாது. ஆகவே ஜப்பானியர் பக்கமிருந்தும் தேட வேண்டியிருக்கிறது. அவர்களே வழி வைத்திருக்கிறார்கள். 1778இல் ‘சரசா பென்ரான்’ என்ற கைநூல் அங்கே வந்தது. 1781இலும் 1785இலும் அடுத்தடுத்த நூல்கள். கடல் கடந்து வந்த துணிகளின் வடிவங்களையும் சாயமிடும் வழிகளையும் சேர்த்துத் தந்த அச்சுப் புத்தகங்கள். நெய்தவன் ஊரில் அப்படி ஒரு புத்தகம் வரவில்லை. தகப்பன் கையைப் பார்த்துப் பிள்ளை கற்ற வேலைக்குப் புத்தகம் எதற்கு என்று இருந்திருப்பார்கள். அந்தக் கை நின்றபோது எல்லாமே நின்றுவிட்டது.

பழவேற்காட்டின் புத்தகக் கணக்கில் ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டும். 1632 முதல் 1642 வரை இந்தக் கோட்டையில் பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு இந்து சமய வழக்கங்களை எழுதிவைத்தார். அவர் இறந்த பிறகு 1651இல் அது ஹாலந்தில் அச்சானது. பர்த்ருஹரியின் பாடல்கள் ஐரோப்பிய மொழி ஒன்றுக்கு முதலில் போனது அந்த நூல் வழியாகத்தான். இதுவும் இங்கே எழுதி அங்கே வாசித்தது.

துணியை மட்டுமே பேசிப் பெருமைப்படுவதும் நியாயமாகாது. இதே கோட்டையிலிருந்து டச்சுக் கம்பெனி ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாகப் படேவியாவுக்கு ஏற்றியது. பஞ்சம் வந்த வருஷங்களில் விலை மலிந்தது, ஏற்றுமதி கூடியது. துணிக்கட்டு போன அதே அலையில் அவர்களும் போனார்கள். அவர்களின் சேகரிப்பு என்று எங்கேயும் எதுவும் இல்லை.

ஊர் ஒரே நாளில் சரியவில்லை. 1639இல் கூப்பிடு தூரத்தில் ஆங்கிலேயர்களின் சென்னை தொடங்கியது. 1640களில் கோல்கொண்டாப் படை வந்தது, கூடவே பஞ்சம். 1690இல் டச்சுக்காரர்களே தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். 1781இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு மறுபடி பழவேற்காடு. 1825இல் ஒரேயடியாகக் கைமாற்றிவிட்டுக் கிளம்பினார்கள். அடுத்து லங்காஷயர் மில் துணி வந்தது. 1869 வாக்கில் ஜெர்மானியர்கள் செயற்கைச் சிவப்புச் சாயம் கண்டுபிடித்தார்கள். சாயவேர் தோண்டியவர்களின் பிழைப்பு அதோடு போயிற்று.

பெயர் மட்டும் எங்கெங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. மலேசியாவில், இந்தோனேசியாவில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்குப் ‘பெலிக்காட்’ என்று பெயர், இந்த ஊரின் பெயர்தான். ஜப்பானில் கோடு போட்ட இந்தியத் துணியைச் ‘சாந்தோமே’ என்றார்கள், அது நம் மயிலாப்பூர் சாந்தோம். மீனோ, ஓவாரி, கவகோயே பகுதி நெசவாளர்கள் அதைப் பார்த்துத் தாங்களே நெய்யக் கற்றுக்கொண்டார்கள். ததேயாமா என்ற கடலோர ஊரில் இயற்கைச் சாயமிட்ட அந்தக் கோட்டுத் துணி நம் காலம் வரை தறியில் இருந்துவருகிறது. மூலத்தில் அறுந்த இழை, நகல் எடுத்த ஊரில் நீள்கிறது.

பழவேற்காட்டில் நெசவாளி போனார், சாயக்காரர் போனார், கப்பல் வணிகர்களில் வசதியுள்ளவர்கள் சென்னைக்கும் அதற்கு அப்பாலும் போனார்கள். படகுக்காரர்கள் போகவில்லை. அன்றைக்குப் பெரிய கப்பல் கரைக்கு வராது. ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கிடங்கிலிருந்து துணிக்கட்டை ஏற்றி, முகத்துவாரம் தாண்டி, அலை உடையும் இடத்தைக் கடந்து கப்பல் பக்கம் கொண்டுசேர்த்தவை சின்னப் படகுகள். ஒரு கட்டு நனைந்தால் ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு பாழ். ஹிகோனேக்குப் போன துண்டு, அதற்கு முன்னால் இந்தக் கரைப் படகுக்காரர் ஒருவரின் கைப்பக்குவத்தில் தப்பித்த துண்டு. எந்தக் காட்சிப் பலகையிலும் இது எழுதப்படுவதில்லை.

அந்தத் தொழில்தான் இன்றைய பழவேற்காடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம், கூனங்குப்பம், அரங்கங்குப்பம் என்று கரை நெடுகக் குப்பங்கள். கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்துவிட்டது. ஆனால் ஏரிக்குள் ‘பாடு’ என்ற பழைய ஒழுங்கு இன்னும் இருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இறால் இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டலாம் என்பதைப் பட்டினவ மீனவர்கள் தங்களுக்குள் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். தலைக்கட்டு என்ற கணக்கில் பெயர் சேர்ந்தவருக்குத்தான் முறை வரும். முறை வந்தவர் கம்பு நட்டுச் சுத்துவலை கட்டுவார்; மற்றவர் அந்தப் பக்கம் போக மாட்டார். இந்த ஒழுங்கு எல்லாருக்கும் நியாயம் செய்கிறது என்று சொல்ல முடியாது. பாட்டில் இடமில்லாத குப்பங்களுக்கும் உள்ளவர்களுக்கும் தகராறு முற்றிய காலங்கள் உண்டு. இருளர்களுக்கு வலையும் இல்லை, முறையும் இல்லை. இருளப் பெண்கள் தண்ணீரில் குனிந்து நகர்ந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அந்த இறாலின் வழியையும் பார்க்க வேண்டும். 1970களின் பிற்பகுதியிலிருந்து 1990கள் வரை இந்திய உறைபதன இறாலுக்குப் பெரிய வாடிக்கையாளர் ஜப்பான். இந்தக் கரையோரக் குப்பங்களில் ஏலம் எடுத்த இறால் ஐஸ் பெட்டியில் ஏறிக் கம்பெனிகளுக்குப் போனது. டோக்கியோ விலை இங்கே கரைவிலையை ஏற்றியது, இறக்கியது. 1650இல் படேவியா பட்டியலுக்காகக் காத்திருந்தவர்கள்போல, 1985இல் கம்பெனி ஏஜென்டுக்காகக் காத்திருந்தார்கள். முன்பணம் கொடுத்துச் சரக்கைக் கட்டிப்போடும் முறைகூட மாறவில்லை. துணிக்கு அங்கே ஏடு இருக்கிறது, தின்று தீர்ந்த இறாலுக்கு அதுவும் இல்லை. அதனால் ஏரியின் இந்தக் காலத்து வரலாற்றை எழுத வேண்டுமானால் குப்பத்துப் பெரியவர்கள் பேச வேண்டும். அவர்கள் இருக்கும்போதே யாராவது உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும்.

ஏரி இன்று நெருக்கடியில் இருக்கிறது. முகத்துவாரம் மணல் மூடிப்போகும் வருஷங்களில் கடல்தண்ணீர் உள்ளே வருவது நின்று, இறால் குஞ்சும் வராது. படகும் வெளியே போக முடியாது. ஆழப்படுத்திய மணல் மறுபடி மூடும். நிரந்தரத் தடுப்புச்சுவர் வேண்டும் என்பது மீனவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்த கோரிக்கை. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். அதை இன்னும் விரிவாக்கும் திட்டத்தைக் குப்பங்கள் எதிர்த்துக்கொண்டே இருக்கின்றன. எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையங்கள். வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் 1971 முதல் ராக்கெட் ஏறுகிறது. ஒரு காலத்தில் உலக வரைபடத்தில் தனிப் பேரோடு இருந்த ஊரை, இப்போது பெரிய திட்டங்களுக்கு நடுவில் கிடக்கும் தண்ணீர் என்று மட்டும் பார்க்கிறார்கள். இது என்னைக் கோபப்படுத்துகிறது. ஊரின் பழைய மதிப்பு தெரியாதவர்களுக்கு அதன் இன்றைய மதிப்பையும் குறைத்துப் பேசுவது எளிதாகிவிடுகிறது.

ஹிகோனே துண்டுகளைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காசு கொடுத்து வாங்கி, நம்மைவிட நன்றாக வைத்துக்கொண்டார்கள். டோக்கியோ அருங்காட்சியகம் தன் சேகரிப்புப் படங்கள் பலவற்றை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அவற்றைப் பெரிதாக அச்சிட்டுப் பழவேற்காட்டுப் பள்ளிக்கூடச் சுவரில் மாட்ட அதிகச் செலவாகாது. கோட்டைக்குப்பத்துப் பிள்ளை, பனையோலைக் கூடை முடையும் முஸ்லிம் தெருப் பெண், முகத்துவாரத்துக்காக மனுப் போடும் மீனவர் எல்லாரும் அதைப் பார்க்கட்டும்.

அதைவிடப் பெரிய வேலை எழும்பூரில் காத்திருக்கிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்கள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப்டவுன் ஆகிய ஊர்களோடு எழும்பூரில் உள்ள நம் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் அதில் பங்குதாரர். படேவியாவின் பட்டியலையும் தேஜிமாவின் சரக்குக் கணக்கையும் ஹிகோனே துண்டுகளோடு அருகருகே வைத்து, எந்த வருஷம், எந்தக் கட்டு, எந்தச் சிவப்பு என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். அதற்கு 17ஆம் நூற்றாண்டு டச்சுக் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த, கடுக்காய்க்கும் சாயவேருக்கும் வித்தியாசம் தெரிந்த, குப்பத்துத் தமிழும் புரிகிற ஆட்கள் வேண்டும். நம் பல்கலைக்கழகங்கள் ஆளுக்கு இரண்டு மாணவர்களை இதற்கென்று தயார்செய்தால் போதும், பத்து வருஷத்தில் எந்தத் துண்டு எங்கிருந்து போனது என்ற பட்டியல் கைக்கு வந்துவிடும்.